உண்பதற்கு முன்னும் பின்னும்: யூதர்தம் வாழ்த்து விதிகள்

யூத சமயத்தாரின் ஒழுக்க விதிகளைத் திரட்டிக் கூறும் நூல்களுள் பெருவழக்கிலுள்ளது 'ஷுல்கான் அரூக்' என்பதாகும். கலிலேயாவிலுள்ள சபேத் நகரில் வாழ்ந்த யோசேப்பு காரோ என்னும் அறிஞர் இயற்றிய இந்நூல், 1565ஆம் ஆண்டில் வெனிசு நகரில் அச்சேறியது. நூற்பெயரின் பொருள், உண்பார்க்கு ஆயத்தமாய் ஒழுங்குசெய்து வைத்த உணவுமேசை என்பது. காரோ பெரும்பாலும் ஸ்பானிய யூதரின் வழக்கத்தையே தழுவியிருந்தமையால், போலந்து நாட்டுக் கிராக்கோ நகரத்து மோசே இசர்லீஸ் என்பார் தம் நாட்டார் வழக்கங்களைக் குறிப்புகளாக இடையிடையே சேர்த்து, அக்குறிப்புகளுக்கு 'மேசை விரிப்பு' என்று பெயரிட்டார். சட்டநூலுக்கு மேசையையும், அதன் குறிப்புக்கு விரிப்பையும் பெயராக வைத்த மக்கள், அம்மேசையில் அமர்ந்து உண்பவனுக்கு என்ன விதி வகுத்தனர் என்பது அறியத்தக்கதே. உணவுக்கு முன்னும் பின்னும் அவர்கள் கூறும் வாழ்த்துக்கள் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

எபிரேய மொழியில் இவ்வாழ்த்தினைப் 'பெராக்கா' என்பர். இதனை ஆசீர்வாதம் என மொழிபெயர்ப்பாரும் உளர். ஆயின் ஆசீர்வாதம் என்பது மூத்தோர் இளையோர்க்கு வழங்குவது. மனிதன் இறைவனை ஆசீர்வதித்தல் யாங்ஙனம் என்னும் ஐயம் அச்சொல்லால் எழும். வாழ்த்து என்னும் நம் சொல்லுக்கு அவ்விடர்ப்பாடு இல்லை. மூத்தோர் மக்களை வாழ்த்துவர். புலவன் நூன்முகத்தில் கடவுளை வாழ்த்துவான். ஆதலின் யாம் வாழ்த்து என்றே வழங்குவாம். இவ்வாழ்த்துக்கள் யாவும் ஒரே வாய்பாட்டில் தொடங்குவன. இறைவனை 'நீ' என முன்னிலையில் விளித்து, உலகின் அரசன் எனக் கூறி, அவ்வளவில் படர்க்கைக்கு மாறி, இன்னதைப் படைத்தவன் என முடியும். நம் இலக்கண ஆசிரியர் இதனை இடவழு என்பர். தக்க காரணம் உளதாயின் வழுவமைதி என்று கொள்வர். யூத உரையாசிரியருட் சிலரும் இம்மாற்றத்தைக் கண்டு, இறைவன் தன் செயல்களால் அணியனாயும் தன் இயல்பால் அறிதற்கரியனாயும் இருத்தலின், வாழ்த்துவோன் ஒருகால் அருகில் நின்றும் ஒருகால் விலகி நின்றும் பேசுகின்றான் என அமைதி கூறினர்.

இவ்விதிகளின் வேர் மிஷ்னா என்னும் பழைய தொகுப்பில் உள்ளது. ஏறத்தாழக் கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னா ஆறு பெரும்பிரிவுகளை உடையது. முதற்பிரிவின் பெயர் 'விதைகள்'. உழவு, விளைச்சல், ஏழைக்கு விடவேண்டிய வயன்மூலை, குருமார்க்குரிய பங்கு ஆகியவற்றைப் பேசுவது அப்பிரிவு. அதன் தலைப்பில், முதல் நூலாக, வாழ்த்துக்கள் பற்றிய நூல் வைக்கப்பட்டுள்ளது. வேளாண்மைச் சட்டத்தின் வாயிலில் வழிபாட்டு நூல் நிற்பானேன் என்று வினவுவார்க்கு விடையை, மிஷ்னாவுக்கு விரிவாயெழுந்த தல்மூதிற் காணலாம்.

அங்கு ரபி லேவி என்பார் சங்கீத நூலிலுள்ள இரண்டு கூற்றுக்களை எதிரெதிரே நிறுத்துகின்றார். ஒரு சங்கீதம் பூமியும் அதன் நிறைவும் இறைவனுக்கே உரியன என்கின்றது. மற்றொன்று வானமே அவனுடையது, பூமியை மாந்தர்க்குக் கொடுத்துவிட்டான் என்கின்றது. இவற்றுள் எது மெய்? இரண்டும் மெய்யே, முன்னது வாழ்த்துக் கூறுமுன் உள்ள நிலை, பின்னது கூறியபின் உள்ள நிலை என்பது அவர் கண்ட முடிபு. இதனைச் சமத்காரம் என்று மட்டும் கொண்டு கடந்துபோதல் ஆகாது. மரத்திலிருக்கும் கனி ஒருவன் காசு கொடுத்து வாங்கியதாயினும், அவன் தோட்டத்திலேயே விளைந்ததாயினும், வாழ்த்துக் கூறும்வரை அவனுடையதன்று. ஆலயத்துக்கு நேர்ந்துவிட்ட பொருளைப் போன்றது. கூறாது உண்பவன் ஆலயச் சொத்தைக் கையாண்டவனுக்கு ஒப்பானவன் எனத் தல்மூத் வெளிப்படையாகவே சொல்லுகின்றது. ரபி ஹனினா பார் பப்பா ஒருபடி மேற்சென்று, அவன் இறைவனிடத்தும் தன் சமுதாயத்திடத்தும் திருடியவனாவான் என்றார். ஆகவே வாழ்த்து என்பது நன்றி கூறுதல் மட்டுமன்று. உடைமை கைமாறும் இடமும் அதுவே. இக்கருத்தை மனத்திற் கொண்டாலன்றிப் பின்வரும் நுண்விதிகள் வீண் சடங்குகளாகவே தோன்றும்.

உணவுக்குப் பின் கூறும் வாழ்த்து தோராவின் கட்டளை. உண்டு நிறைவடைந்தபின் நல்ல நிலத்தைத் தந்தமைக்காக இறைவனை வாழ்த்தவேண்டும் என உபாகமம் எட்டாம் அதிகாரத்திற் காணலாம். முன்வாழ்த்துக்கு அத்தகைய வெளிப்படையான ஆணை இல்லை. வயிறு நிறைந்தவனே வாழ்த்தவேண்டுமாயின் பசித்தவன் வாழ்த்தவேண்டாவோ என்பது தொடங்கி, வேதச் சொற்களினின்று பல நியாயங்களை எடுத்து, ஒவ்வொன்றையும் தாமே மறுத்து, ஈற்றில் இஃது அறிவுக்கே பொருத்தமாகத் தோன்றும் ஒன்று எனத் தல்மூதின் அறிஞர் விட்டுவிடுகின்றனர். இந்நேர்மை எமக்குப் பெரிதும் உவப்பாயிற்று.

இனி எவ்வுணவுக்கு எவ்வாழ்த்து என்பது. எல்லாவற்றுக்கும் ஒரே வாழ்த்தை வைத்திருப்பின் வேலை எளிதாயிருக்கும். அவர்கள் அவ்வாறு செய்தாரல்லர். மரத்தின் கனிக்கு ஒன்று, மண்ணின் விளைவுக்கு ஒன்று, திராட்சை மதுவுக்கு ஒன்று, அப்பத்துக்கு ஒன்று, தானியத்தாற் செய்த பிற பண்டங்களுக்கு ஒன்று, இவற்றுள் அடங்காத நீர், பால், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றுக்கு அனைத்தும் இறைவன் சொல்லால் உண்டாயின என்னும் பொதுவாழ்த்து ஒன்று என ஆறாக வகுத்தனர். ஆதலால் உண்பவன் வாயைத் திறக்குமுன், கையிலிருப்பது யாது, எங்கே எவ்வாறு விளைந்தது என்று ஒருகணம் எண்ணியே தீரவேண்டும்.

வாழைப்பழத்தை எடுத்துக்கொள்வோம். வாழைமரம் என்றே நாம் சொல்லுகின்றோம். யூத விதி அதனை மரமெனக் கொள்ளவில்லை. கனியைப் பறித்தபின் கிளையும் அடியும் நிலைத்து நின்று மறுபடியும் காய்ப்பதே மரம். வாழையோ ஒருமுறை குலை ஈன்றதும் மடிவது. பின்னர் காய்ப்பது அதன் பக்கத்தே கிளம்பிய குட்டி. ஆகையால் வாழைப்பழத்துக்கு மண்ணின் விளைவுக்குரிய வாழ்த்தே கூறவேண்டும் எனக் காரோ விதித்தார். அன்னாசிக்கும் அஃதே. பப்பாசியின் நிலை வழக்கிலுள்ளது. அது பல ஆண்டு நிற்குமாயினும் தண்டு உட்குடைவானது. நட்ட சிறிது காலத்திலேயே காய்க்கத் தொடங்கி விரைவில் தளர்வது. இதனை மரமென்பாரும் மரமன்றென்பாரும் பிற்கால அறிஞருள் உளர். மண்ணின் விளைவென்று கொள்வோரே பலர். தேங்காய்ச் சொட்டு மரத்தின் கனி. அதே காயின் இளநீருக்குப் பொதுவாழ்த்து. காளான் நிலத்தில் முளைப்பினும் நிலத்தினின்று உணவு கொள்வதில்லை என்று தல்மூத் அதனை மண்ணின் விளைவுகளினின்று நீக்கிப் பொதுவாழ்த்தில் வைத்தது. இக்காலத்து உயிரியலாரும் காளானைத் தாவர இனத்தினின்றே நீக்கிவிட்டனர்; காரணம் வேறு, முடிபு ஒன்று.

சோறுண்ணும் நமக்கு அரிசியின் கதை சுவை தரும். கோதுமை, வாற்கோதுமை முதலிய ஐவகைத் தானியங்களே யூத விதியில் அப்பத்துக்குரியவை. அரிசியையும் அவற்றோடு எண்ணவேண்டும் என்று ரபி யோகனான் பென் நூரி வாதிட்டார்; ஏனையோர் உடன்படவில்லை. எனினும் அரிசி வயிற்றை நிறைத்து உயிரைத் தாங்குவது என்பதை அவர்களால் மறுக்க இயலவில்லை. ஆதலின் சமைத்த சோற்றுக்கு முன்வாழ்த்துத் தானியப் பண்டங்களுக்குரியது. பின்வாழ்த்தோ தானியத்துக்குரியதன்று, சாதாரண உணவுக்குரியதே. இவ்வாறு அரிசி ஒருகால் உள்ளும் ஒருகால் வெளியிலுமாக நிற்கின்றது. மிளகு பற்றியும் இஞ்சி பற்றியும் தல்மூதில் ஒரு விசாரணை உண்டு. உலர்ந்தவை தனியே உண்ணப்படாமையின் அவற்றை மெல்லுபவனுக்கு வாழ்த்தில்லை. ஆயின் இந்தியாவிலிருந்து வரும் பதப்படுத்திய இஞ்சி உண்ணத்தக்கதே, அதற்கு மண்ணின் விளைவுக்குரிய வாழ்த்துக் கூறுக என்று அங்குக் காண்கின்றோம். பாபிலோனியாவில் அமர்ந்திருந்த அறிஞரின் வாழ்த்து விதிக்குள் பாரதநாட்டுச் சரக்கொன்று இவ்வாறு இடம்பெற்றது.

மனிதன் கைபட்டதால் உணவின் நிலை உயர்தலும் தாழ்தலும் உண்டு. பிற கனிகளைப் பிழிந்து சாறாக்கினால் அவை மரக்கனியென்னும் தகுதியிழந்து பொதுவாழ்த்துக்கு இறங்கும். திராட்சை மட்டும் சாறானபின் உயர்ந்து தனிவாழ்த்துப் பெறும். கோதுமையும் அப்பமானபின் உயர்வதே. அப்பம் என யாம் குறிப்பது பாணையே. இதன் வாழ்த்தில் ஒரு வியப்புண்டு. நிலம் தருவது கதிரைத்தான். வாழ்த்தோ இறைவன் நிலத்தினின்று அப்பத்தையே வெளிப்படுத்துவதாகக் கூறும். உழவனையும் அடுகின்றவளையும் மறந்துவிட்டனரோ என எண்ண வேண்டா. அதே நூலில் பென் சோமா என்னும் அறிஞர், எருசலேம் ஆலயக் குன்றில் மக்கள் திரளைக் கண்டபோது, முதன்மனிதனாகிய ஆதாம் உழுது, விதைத்து, அறுத்து, கட்டி, போரடித்து, தூற்றி, பொறுக்கி, அரைத்து, சலித்து, பிசைந்து, சுட்டபின்பே ஒரு துண்டு அப்பம் உண்டான் என்றும், தாமோ காலையில் எழும்போதே இவையெல்லாம் ஆயத்தமாயிருக்கக் காண்கின்றார் என்றும் கூறித் தமக்காக உழைக்கும் அத்திரளைப் படைத்தவனைப் போற்றினார் எனக் காண்கின்றோம்.

தவறிக் கூறியவனுக்கும் வழியுண்டு. மரக்கனிக்கு மண்ணின் வாழ்த்தைக் கூறிவிட்டால் குற்றமில்லை. மரமும் மண்ணில் நிற்பதன்றோ? கீரைக்கு மரத்தின் வாழ்த்தைக் கூறினால் அது செல்லாது. பொதுவாழ்த்தை எதற்குக் கூறினும் செல்லும். முன்வாழ்த்துக் கூறினேனோ இல்லையோ என்று ஐயம் எழுந்தால், திரும்பக் கூறற்க என்பது விதி. இறைவன் திருநாமத்தை வீணே வழங்குவது பெருங்குற்றமாதலின். நிறைய உண்டவனுக்குப் பின்வாழ்த்தைப் பற்றி ஐயம் எழுந்தாலோ, அது வேதக் கட்டளையாதலின் திரும்பக் கூறவேண்டும்.

நாவும் உடலும் பெறும் இன்பத்துக்கே வாழ்த்து. தாகத்தால் நீர் அருந்துபவன் வாழ்த்தவேண்டும். தொண்டையிற் சிக்கிய துண்டை இறக்க நீர் விழுங்குபவனுக்கு வாழ்த்தில்லை. அதே நீர், அதே மிடறு. வேறுபாடு அருந்துவோன் நிலையில். அப்பம் உண்பதாயின் முதலில் கலத்தினால் நீர் வார்த்து இருகைகளையும் கழுவி, அதற்கொரு வாழ்த்துக் கூறி, பின் அப்பத்துக்குரியதைக் கூறி உண்ணவேண்டும். வாழ்த்துக்கும் முதற்கவளத்துக்கும் இடையே பேச்சு ஆகாது. ஆயினும் மாட்டுக்குத் தீனி வையுங்கள் என்று இடையிற் சொன்னால் வாழ்த்துக் கெடாது. தன் கால்நடைக்கு உணவிடுமுன் தான் உண்ணலாகாது என்பது விதியாதலின், அச்சொல்லும் உணவைச் சார்ந்ததாகிவிடுகின்றது.

உடைமை கைமாறும் இடம் வாழ்த்து என்றோம். அங்ஙனமாயின் பிறன் பொருளைக் கவர்ந்து உண்பவன் வாழ்த்தினால் என்ன ஆகும்? ரபி எலியேசர் பென் யாக்கோபு இதனை வெளிப்படையாகவே வினவினார். ஒருவன் ஒருபடி கோதுமையைத் திருடி, அரைத்து, பிசைந்து, சுட்டு, குருவுக்குரிய பங்கையும் முறைப்படி எடுத்துவைத்து, வாழ்த்துக் கூறினால், அவன் வாழ்த்தவில்லை, இறைவனை இகழ்கின்றான் என்றார். இதனை ஒட்டி 12ஆம் நூற்றாண்டில் ஒரு கருத்து மாறுபாடு எழுந்தது. எகிப்தில் வாழ்ந்த மைமோனிடீஸ், விலக்கப்பட்ட உணவை உண்பவன் முன்னும் பின்னும் வாழ்த்தலாகாது என்று தம் சட்டத்தொகுதியில் விதித்தார். தென்பிரான்சு நாட்டு ஆபிரகாம் பென் தாவீது இதனை மறுத்து, உண்டது தீதாயினும் இன்பம் பெற்றான் அன்றோ, வாழ்த்தையும் விடுவதால் அவன் குற்றம் குறையுமோ என்று கேட்டார். இவ்வினாவில் ஆற்றல் உண்டு. எனினும் களவினால் வந்த கவளத்தை ஒரு வாழ்த்தினால் கழுவிவிடலாம் என்னும் எண்ணத்துக்கு அது கதவைத் திறந்துவிடும் என்று யாம் அஞ்சுகின்றோம். காரோவும் மைமோனிடீஸ் பக்கமே நின்றார். ஆனால் உயிர்க்கு இறுதி நேரும் நோயில், மருத்துவத்தின்பொருட்டு விலக்குணவை உண்பவன் வாழ்த்துக் கூறியே உண்ணவேண்டும். அவனுக்கு அது விலக்கன்று.

முன்வாழ்த்துக்கு அளவில்லை, ஒரு பருக்கை உண்பதாயினும் கூறவேண்டும். பின்வாழ்த்துக்கு ஓர் ஒலிவக்காயளவேனும் உண்டிருத்தல் வேண்டும். அப்பம் உண்டபின் கூறுவது நீண்டது. நான்கு வாழ்த்துக்களை உடையது. முதலாவது உலகனைத்துக்கும் உணவூட்டுவதைப் பற்றியது. மன்னா பொழிந்தபோது மோசே வகுத்ததாகத் தல்மூத் சொல்லும். இரண்டாவது நிலத்தைப் பற்றியது. நாட்டினுட் புகுந்தபோது யோசுவா வகுத்தது. மூன்றாவது எருசலேமைப் பற்றியது. தாவீதும் சாலமோனும் வகுத்தது. இம்மூன்றும் உணவு, விளைநிலம், நகர் என முறையே விரிந்து செல்கின்றன.

நான்காவது வேறுவகையானது. உரோமருக்கு எதிராகப் பார் கோக்பா தலைமையில் 132ஆம் ஆண்டில் எழுந்த கிளர்ச்சி 135இல் பெத்தார் கோட்டை வீழ்ச்சியோடு முடிந்தது. அங்கு மடிந்தோரைப் புதைக்கவும் விடாது உரோமர் தடுத்தனர். பின்னர் ஆணை மாறிப் புதைக்க இசைவு கிடைத்த நாளிலே, யாவ்னே நகரிலிருந்த அறிஞர், நல்லவனும் நன்மை செய்பவனுமாகிய இறைவனைப் போற்றும் இவ்வாழ்த்தை வகுத்தனர் என்பது தல்மூத் கூறும் வரலாறு. உடல்கள் அழுகாதிருந்தமைக்காக நல்லவன். புதைக்க விட்டமைக்காக நன்மை செய்பவன். விடுதலை வரவில்லை, கோட்டை மீளவில்லை, இறந்தோர் எழவில்லை. இறந்தோர்க்கு ஒரு குழி கிடைத்தது, அவ்வளவே. அதனை நன்மையென்று எண்ணி, நாள்தோறும் வயிறார உண்டெழும் வேளையில் அவர்கள் சொல்லும் வாழ்த்தில் இணைத்துவைத்தனர். திருமண விருந்திலும் இதனைக் கூறாது எழுவாரில்லை.

அப்பமல்லாத பெரும்பாலான உணவுகளுக்குப் பின் கூறுவது மிகக் குறுகியது. பல உயிர்களையும் அவற்றின் குறைகளையும் படைத்தவன் என்று அது இறைவனை அழைக்கின்றது. குறைகளை நீக்கியவன் என்றன்று, படைத்தவன் என்றே உள்ளது. பசியும் தாகமும் உணவைப் போலவே அவன் தந்தவை என்பது கருத்துப்போலும்.

மூவர் கூடி உண்டால் தனித்தனியே வாழ்த்தி எழுதல் கூடாது; ஒருவர் ஏனையோரை அழைக்க யாவரும் சேர்ந்து வாழ்த்தவேண்டும். வீட்டுத் தலைவன் அப்பத்தைப் பிட்பான். விருந்தினன் பின்வாழ்த்தைக் கூறுவான். தாராளமாகப் பிட்பவன் உடையவனே ஆதலின் முன்னது. தன்னை உண்பித்தவனை விருந்தினன் வாழ்த்துதற்கு இடம் வேண்டுமாதலின் பின்னது. மொழி பற்றியும் கட்டில்லை. பின்வாழ்த்தை எம்மொழியிலும் கூறலாம் என்கின்றது மிஷ்னா. பென்யமீன் என்னும் ஆட்டிடையன் ஒருவன் அப்பத்தை உண்டு, நீண்ட எபிரேய வாழ்த்தை அறியாதவனாய், இந்த அப்பத்துக்கு உடையவன் வாழ்க என்னும் கருத்தில் அரமேய மொழியில் ஒரே அடியாகச் சொல்லிவிட்டு எழுந்தான். பேரறிஞராகிய ரவ் அவன் கடமை முடிந்தது என்றார். எல்லாக் கடமையுமோ என்று தல்மூத் மேலும் வினவி, நான்கனுள் முதல் வாழ்த்தளவிலே முடிந்தது என்றும், அவ்வடியில் இறைவன் பெயரும் இருந்திருத்தல் வேண்டும் என்றும் வரையறுத்தது. ஆயினும் அவ்விடையன் உடையவன் என்ற சொல்லையே பிடித்துக்கொண்டான் என்பதை யாம் காணாதிருக்க இயலவில்லை.

பின்வாழ்த்தை மறந்து எழுந்துபோனவன் என்செய்வது? உண்ட இடத்துக்கே திரும்பிவந்து கூறவேண்டும் என்பது ஷம்மாய் பள்ளியார் கொள்கை. நினைவு வந்த இடத்திலேயே கூறலாம் என்பது ஹில்லேல் பள்ளியார் கொள்கை. உண்டது செரித்து மீண்டும் பசியெடுக்குமுன் கூறினாற் போதும். ரப்பா பார் பார் ஹனா என்பார் வணிகர் கூட்டத்தோடு பாலைவழியே செல்லுகையில், உண்டபின் வாழ்த்த மறந்து நெடுந்தூரம் வந்துவிட்டார். மறந்தேன் என்று சொன்னால், எங்கே வாழ்த்தினும் இறைவனையே வாழ்த்துகின்றாய், இங்கேயே சொல்லிவிடு என்பர், கூட்டம் நில்லாது. ஆகவே பொன்னாற் செய்த புறா ஒன்றை அங்கே மறந்து வைத்துவிட்டேன், சற்றுப் பொறுங்கள் என்றார். பொன் என்றதும் அவர்கள் பொறுத்தனர். அவர் திரும்பிச்சென்று, உண்ட இடத்தில் அமர்ந்து வாழ்த்தைக் கூறி முடித்தார். எழுந்து பார்க்கும்போது அவ்விடத்தில் ஒரு பொற்புறா கிடந்ததாம்.